இடாப்பில் வாழும் கடைக்காரர்



பாடசாலையிலே புதிய மாணவன் ஒருவனைச் சேர்க்கும்போது, அவன் பெயர், பிறந்த திகதி, தகப்பனாரின் தொழில் ஆகியவற்றைச் சேர்விடாப்பில் எழுதிக்கொள்கிறோம். எழுதும் வேளையில் அது வெறுங் கடமையாகவே தோன்றுகிறது. ஆயினும், நூறாண்டு கழிந்த பின்னர் அந்த ஒரு வரியே ஒரு குடும்பத்துக்கு எஞ்சிய செல்வமாதல் கூடும். இதனை நன்குணர்ந்தவர்கள், இங்கிலாந்திலே தம் முன்னோரைத் தேடுகின்றவர்கள்.

விக்டோரியா மகாராணியார் 1837 முதல் 1901 வரை அரசாண்டார். அக்காலத்து அமைச்சருக்கும் தளபதிகளுக்கும் வரலாறு எழுதுவோர் பலர் இருந்தனர். தெருமுனையிற் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு யார் இருந்தார்? எழுதுவினைஞர்களே இருந்தனர். வரலாறு எழுதுகிறோம் என்று அறியாமலே அவர்கள் அதனை எழுதி வைத்தனர்.

ஒரு குடும்பத்தில், “எங்கள் பூட்டனார் பெரிய வணிகர்” என்றொரு கதை வழங்குவதாகக் கொள்வோம். அதனை ஆராயப் புகுபவர் அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி, பின்னோக்கியே செல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் அரசாங்கப் பதிவு 1837 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடங்கியது. விவாகப் பதிவிலே மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் காணப்படும். ஆகவே, மகனின் விவாகம் தந்தையின் கடைக்கு வழிகாட்டும்.

அடுத்துக் குடிசன மதிப்பீடு. 1851 ஆம் ஆண்டு தொடக்கம் அதில் ஒவ்வொருவரின் வயதும், பிறந்த ஊரும், குடும்பத் தலைவரோடு உள்ள உறவும் எழுதப்பட்டன. தொழில் நடத்துவோர் தம்மிடம் வேலை செய்வோரின் தொகையையுங் கூறவேண்டியிருந்தது. பெரிய வணிகர் எனப்பட்டவரிடம் இருவரே வேலை செய்தனர் என்பது அங்கே வெளிப்படலாம்.

மதிப்பீடு பத்தாண்டுக்கொருமுறை வருவது. இடைப்பட்ட காலத்தை நிரப்புவன வணிகர் விலாசப் புத்தகங்கள். எந்தத் தெருவில், எந்த இலக்கத்தில், யார் என்ன விற்றார் என்பதை அவை வரிசையாகத் தரும். ஆயின், இங்கே எச்சரிக்கை வேண்டும். புத்தகம் அச்சாகி வெளிவருமுன் கடை மூடப்பட்டிருக்கலாம். ஒரே பெயருடையோர் இருவர் ஒரே நகரில் இருந்திருக்கலாம். பெயர், தொழில், தெரு ஆகிய மூன்றும் ஒத்தாலன்றி, இவரே நம்மவர் எனத் துணிதல் தகாது.

இனி, தேடுவோர் கைநடுங்கும் இடத்துக்கு வருவோம். இலண்டன் வர்த்தமானியில் அவர் பெயர் வங்குரோத்து அறிவித்தலின் கீழ்க் காணப்படுகிறது. குடும்பம் மறைத்த செய்தி இதுவே! பலர் ஏட்டை மூடிவிட எண்ணுவர். மூடலாகாது. 1861 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, வணிகர் மட்டுமே வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறக்கூடியவர். ஏனைய கடனாளிகள் சிறை புகவும் நேர்ந்தது. ஆகவே அந்த அறிவித்தல் குற்றப்பத்திரமன்று. உள்ளதைக் கடன்கொடுத்தோரிடம் ஒப்படைத்து, மீண்டும் தொடங்குவதற்குச் சட்டம் திறந்த வாயில் அது. அறிவித்தல் 1866 ஆம் ஆண்டினதாயின், அவ்வாண்டு மே மாதம் இலண்டனில் ஓவரெண்ட் கேர்ணி என்னும் பெரும் நிதி நிறுவனம் வீழ்ந்து, பல வணிகரையும் உடன் வீழ்த்தியதை நினைவுகூர்தல் வேண்டும்.

இன்னுமொன்று. நேர்மையாக இலாபம் வந்த ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டில் இடம்பெறுவதில்லை. விழுந்த நாளே கடையின் விலாசத்தையும், தொழிலையும், பங்காளியின் பெயரையும் காட்டித் தருகிறது. சில ஆண்டுகளின் பின் விலாசப் புத்தகத்தில் அதே பெயர், அதே தொழில், வேறொரு தெருவில் மீண்டும் தோன்றுமானால், அந்த மனிதரின் உறுதியை அறிய வேறு சான்று வேண்டுமோ?

நமது தேநீரோடு தொடர்புடைய சான்றொன்றுங் கூறுவேன். 1871 இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே முதற் கடையைத் திறந்து, 1890 இல் இலங்கையிலே தேயிலைத் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தாம் பிறந்தது 1850 இல் என்று கூறிவந்தார். 1851 மார்ச் மாதக் குடிசன மதிப்பீடோ அவரை மூன்று வயதுப் பிள்ளையாகக் காட்டுகிறது. 1848 இற் பிறந்தவர் என்றே இன்று கொள்ளப்படுகிறார். பெருஞ் செல்வரின் வாய்மொழியையும் பெயரறியா எழுதுவினைஞர் ஒருவரின் ஒரு வரி திருத்திவிட்டது.

நேயர்களே, முன்னோரைத் தேடுவது பெருமை திரட்டுவதற்காக அன்று. அவர்கள் பட்ட பாட்டை உள்ளபடி அறிவதற்காகவே. ஆதலின், மாணவனின் தகப்பனாரது தொழிலை எழுதும் ஒவ்வொரு முறையும், பிழையின்றி, தெளிவாக எழுதவேண்டுமென்று எனக்கு நானே கூறிக்கொள்கிறேன். என்றோ ஒருநாள் எவரோ ஒருவர் அந்த வரியைத் தேடி வருவார்.