கட்டத்தை அழித்தாயிற்று, விளக்குமாறு யார் கையில்?

(ராஜா அண்ணாமலைபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கிற இந்தப் பகுதியில்தான் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பெயரிலான சட்டப் பல்கலைக்கழகமும் இங்கேதான். அங்கே படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் வந்திருக்கீங்க. உங்களை நம்பித்தான் இன்னைக்குக் கவிதையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிறையைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்க தெருவில் ஒரு அக்கா இருக்காங்க. வீட்டு வேலைக்குப் போறவங்க. அவங்க மகனை ஒரு அடிதடி வழக்கில் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. "தம்பி, மனு பார்க்கணும், கூட வாப்பா"ன்னு கூப்பிட்டாங்க. சிறையில் இருக்கிறவரைப் பார்ப்பதற்கு நம்ம ஜனங்க வைத்திருக்கிற பெயர் 'மனு பார்க்கிறது'. பெத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் மனுப் போட வேண்டும். விடியற்காலையில் போய் வரிசையில் நின்றோம். உள்ளே போனால் கம்பிக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து குடும்பம், அந்தப் பக்கம் அத்தனை பிள்ளைகள். எல்லாரும் கத்துறாங்க. யார் பேசுவதும் யாருக்கும் கேட்கலை. அந்த இரைச்சலில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியாடா?" அவன் சொன்ன பதில், "உள்ள வந்த அன்னைக்கே என்ன ஆளுன்னு கேட்டாங்கம்மா. சொன்னேன். கக்கூஸ் கழுவ விட்டுட்டாங்க."

அவன் விசாரணைக் கைதி. குற்றம் நிரூபிக்கப்படாதவன். தண்டனைக் கைதியைப் போல அவனைக் கட்டாய வேலை வாங்கவே சட்டத்தில் இடமில்லை. வெளியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தவன். அவன் அப்பா அந்த வேலையைத் தொட்டதில்லை. தாத்தா செய்தார். தாத்தா தலைமுழுகிய வேலையைத் தேடி எடுத்துப் பேரன் கையில் கொடுத்தது சிறை. எந்தச் சிறை என்று பெயர் சொல்லப் போவதில்லை. அது ஒரு சிறையின் கதை மட்டும் இல்லை.

யாரோ ஒரு வார்டரின் குசும்பு என்று இதை விட்டுவிட முடியாது. எழுதி வைத்த விதி இது. 1894 சிறைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வைத்திருந்த கையேடுகளைப் பாருங்கள். மேற்கு வங்கத்தில், துப்புரவு வேலைக்கு மேத்தர், ஹரி, சண்டாளர் சாதிகளில் இருந்து ஆள் எடு என்று விதி. சமைப்பதற்குப் 'பொருத்தமான சாதி' வேண்டும் என்று இன்னொரு விதி. உத்தரப் பிரதேசத்தில், வெறுங்காவல் தண்டனை பெற்றவனை இழிவான வேலை செய்யச் சொல்லாதே, அவன் அந்த வேலைக்குப் 'பழகிய' சமூகத்தில் பிறந்தவனாக இருந்தால் ஒழிய என்று விதி. பழகியது யார் தோழர்களே? பழக்கியது யார்?

இந்த விதிகளின் வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. 1840களில் வங்காள மாகாணச் சிறைகளில் எல்லாருக்கும் ஒரே அடுப்பு, பொதுச் சமையல் என்று கொண்டு வந்தார்கள். அதுவரைக்கும் கைதிகள் அவரவர் ஆக்கித் தின்றார்கள். யார் ஆக்கியதை யார் தின்பது என்று கலகம் வெடித்தது. 1855இல் பீகாரின் ஆரா, முசாஃபர்பூர் சிறைகளில் பித்தளைச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு மண்பாண்டம் கொடுத்தபோது மறுபடியும் கலகம். முசாஃபர்பூரில் ஊரே கைதிகளுக்கு ஆதரவாகத் திரண்டது. அரசு பணிந்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தது. காலனிய எதிர்ப்பு என்றும் இதை எழுதுகிறார்கள். எழுதட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சாதி இந்துவின் சொம்புக்கு முன்னால் துப்பாக்கி வைத்திருந்த பேரரசு இறங்கி வந்தது. மலவாளி சுமந்தவனுக்காக எந்தப் பேரரசும் இறங்கி வரவில்லை.

நம்ம ஊர்ச் சிறை வரலாற்றையும் இப்படித்தான் வாசித்திருக்கிறோம். வ.உ.சி. இழுத்த செக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். தெரிய வேண்டியதுதான். அந்தச் சிறையில் விடிஞ்சும் விடியாமலும் மலச்சட்டி எடுத்தவன் பெயர் யாருக்குத் தெரியும்?

2020இல் சுகன்யா சாந்தா என்கிற பத்திரிகையாளர் பல மாநிலச் சிறைகளில் சாதி எப்படி வேலை பிரிக்கிறது என்று எழுதினார். பிறகு அவரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு. சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்துப் பிரித்து அடைப்பதும், 'குற்றப் பரம்பரை' நினைப்பில் ஒரு சமூகத்தையே பழக்கக் குற்றவாளி ஆக்குவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவையும், கட்டாய உழைப்பைத் தடுத்த 23ஆவது பிரிவையும் எடுத்துக் காட்டினார்கள். பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே அழி என்றார்கள்.

அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் வருகிறது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனியாக அடைக்கிறார்கள் என்று ஒரு வழக்கு. சாதி மோதலைத் தடுக்கத்தான் அப்படி என்றது அரசு. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்குச் சாதிப் பிரிவினை வழி ஆகாது என்றது. சரி, பிரித்து வைத்ததால் உயிராவது மிஞ்சியதா? 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு இளைஞனைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். அவனும் விசாரணைக் கைதிதான். சாதிப்பகை என்று குடும்பம் சொன்னது. உடலை வாங்க மாட்டோம் என்று வாரக்கணக்கில் போராடியது. ஊரையும் சேரியையும் மதிலுக்குள்ளே கட்டிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் இப்படித்தான் முடியும்.

தீர்ப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோழர்களே, காகிதத்தில் இருந்த கட்டத்தை அழித்துவிடலாம். "என்ன ஆளு?" என்று கேட்பதற்குக் கட்டம் தேவையில்லை. வாய் போதும். ஊர்ப் பேரைக் கேட்டால் தெருவைக் கேட்பான், தெருவைக் கேட்டால் அப்பன் பேரைக் கேட்பான். எங்க தெருப் பையன் உள்ளே போனது தீர்ப்புக்குப் பல மாதம் கழித்து.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். சொத்து வரி ரசீது இருக்கணும், இல்லைன்னா நிரந்தர உத்தியோகம் இருக்கணும். அக்காவின் சனத்தில் யாரிடம் சொத்து வரி ரசீது இருக்கிறது? தாய்மாமன் ஒருத்தர், சென்னைத் துறைமுகத்தில் வேலை, கையெழுத்துப் போட வந்துட்டார். இன்னொருத்தருக்காக என்கிட்ட வந்தாங்க. "தம்பி, நீ பேங்க்ல இருக்கியே"ன்னு. நான் பார்க்கிறேன்க்கா என்றேன். பையன் வாய்தாவுக்கு வராமல் போனால்? ஆபீசில் விஷயம் தெரிந்தால்? பதவி உயர்வு என்ன ஆகும்? ஒன்பது நாள் யோசித்தேன். ஒன்பது நாளும் அவன் கக்கூஸ் கழுவினான். அந்த ஒன்பது நாளில் நான் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கவிதையை எங்கும் அனுப்பவில்லை.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூணு பேர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். வெளியில் நம் பங்கு 2011 கணக்குப்படி 16.6 சதவீதம். நாம் அதிகம் குற்றம் செய்வதால் அல்ல. பிடிப்பது சுலபம், வெளியில் எடுப்பது கஷ்டம். கட்ட முடியாத ஜாமீனும் ஒரு தண்டனைதான்.

என்ன செய்யலாம்? மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, தீர்ப்பிலேயே ஒரு கதவு இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் உள்ளே போய், சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று முறையாக ஆய்வு செய்ய வேண்டும். செய்தார்களா? அறிக்கை எங்கே? சட்டம் படிக்கிறவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எத்தனை பேர் துப்புரவு வேலையில், எந்த விதிப்படி அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கூலி, என்ன கருவி என்று கேளுங்கள். மனிதக் கழிவகற்றலைத் தடை செய்த 2013 சட்டம் மதிலுக்கு வெளியே மட்டும் செல்லுபடியாவது இல்லை.

இரண்டாவது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்ம ஜனங்ககிட்ட கொண்டுபோகணும். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். எங்க அக்காவுக்கு இது தெரியாது. படித்த எனக்கும் அப்போது தெரியாது.

மூன்றாவது, இது நம்மைப் போல் சம்பளக்காரர்களுக்கு. இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போனோம். அண்ணல் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறோம். நம் சம்பளச் சான்றிதழ் வீட்டுக் கடனுக்கு மட்டுமா? ஒவ்வொரு பகுதியிலும் ஜாமீன் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறவர்களின் பட்டியல் ஒன்று போடுவோம். கூப்பிட்ட அன்றே போகிறவர்களாக இருக்கணும், என்னை மாதிரி பத்தாம் நாள் போகிறவர்களாக வேண்டாம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.