ஒரு மூலம், பல பாடங்கள்



ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்குப் பாடபேதம் புதிதன்று. ஒரே நூலை ஊருக்கொருவர் படியெடுத்தனர். படிதோறும் சொல் சிறிது மாறிற்று. பதிப்பாசிரியர்க்கு அது தொல்லையே. ஆயினும் ஓர் ஏட்டில் செல்லரித்த அடியை மற்றோர் ஏடு காத்துத் தந்ததும் அப்பன்மையால்தான். கணினி உலகில் அத்தகைய நிலை லினக்ஸுக்கு வாய்த்திருக்கிறது.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு அது ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் வந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் தம் மூல நிரலையும் தரவேண்டும் என்பது அதன் நெறி. ஆனால் கருப்பகுதி மட்டும் இருந்தால் கணினி பயன்படாது. அதனோடு பிற மென்பொருள்களையும் தொகுத்து, நிறுவுதற்கேற்ற வடிவில் தருவதே ‘வழங்கல்’. 1993-இல் பாட்ரிக் வோல்கெர்டிங் ஸ்லாக்வேரையும், இயன் மர்டாக் டெபியனையும் தொடங்கினர். ரெட்ஹாட், சூசே முதலிய நிறுவனங்கள் வணிக நோக்கில் தத்தம் வழங்கல்களை உருவாக்கின.

பன்மைக்கு விலை உண்டு. ரெட்ஹாட்டின் பொதிவடிவம் வேறு. டெபியனின் பொதிவடிவம் வேறு. மென்பொருள் விற்போர் ஒவ்வொரு வழங்கலிலும் தம் சரக்கைச் சோதிக்க வேண்டும். எல்லார்க்கும் ஒரே அடித்தளம் போதாதா என்று வணிகர்கள் கேட்டது இயல்பே. 2002-இல் காலடெரா, கொனெக்டிவா, சூசே, டர்போலினக்ஸ் ஆகிய நான்கும் ‘யுனைடெட் லினக்ஸ்’ என்று ஒன்றுகூடின. அடித்தளம் ஒன்று, மேலே அவரவர் பெயர். மறு ஆண்டே, எஸ்.சி.ஓ. எனப் பெயர் மாற்றிக்கொண்டிருந்த காலடெரா, லினக்ஸ் தொடர்பாக ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. சூசேயை நோவெல் வாங்க முற்பட்டது. 2004 தொடக்கத்தில் கூட்டணி கலைந்தது.

டெபியனுக்கு முதலாளி இல்லை. 1997-இல் ஏற்ற சமூக ஒப்பந்தமும், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைவரும் அதனை நடத்துகின்றனர். அங்கும் பூசல் உண்டு. 2014-இல் ‘சிஸ்டம்டி’ என்னும் தொடக்க நிரலை ஏற்பதா என்று கடும் வாதம் நிகழ்ந்தது. ஏற்காதோர் பிரிந்து ‘தேவுவான்’ கண்டனர். பிரியும் உரிமையை உரிமமே தந்திருந்தது. பன்மை பிரிவினையை மட்டுமா தந்தது? டெபியனில் பிறந்த ‘ஆப்ட்’ என்னும் பொதி மேலாண்மைக் கருவியைப் பிரேசிலின் கொனெக்டிவா ரெட்ஹாட் பொதிவடிவுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியது. 2004-இல் உபுண்டு எழுந்ததும் டெபியன் மேலேதான்.

ரெட்ஹாட்டின் வணிகப் பதிப்பின் மூல நிரலிலிருந்து கட்டணமின்றிக் கட்டப்பட்டது செண்ட்ஓஎஸ். 2014-இல் அது ரெட்ஹாட்டின் அரவணைப்பில் சேர்ந்தது. ரெட்ஹாட்டை 2019-இல் ஐ.பி.எம். வாங்கிற்று. 2029 வரை நிலைக்கும் என்று பயனர்கள் நம்பிய எட்டாம் பதிப்பு, 2021-உடன் முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. நம்பிச் சேவைக் கணினிகளை அமைத்தோர் தவித்தனர். மூலம் திறந்திருந்தமையால் 2021-இலேயே ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் மாற்றாக எழுந்தன.

இதனால் பொதுமை தீது என்று முடிப்பது பொருந்தாது. கோப்புகள் எந்த அடைவில் இருக்க வேண்டும் என்னும் மரபு 1994-இல் ஆர்வலர்களிடையே தோன்றியது. பெரும்பாலான வழங்கல்கள் அதனை இன்றும் தழுவிச் செல்கின்றன. ‘லினக்ஸ் நியம அடித்தளம்’ ரெட்ஹாட்டின் பொதிவடிவையே பொதுவடிவாகக் கொண்டது. 2015-இல் டெபியன் அதன் பெரும்பகுதியைக் கைவிட்டது. பொதுமையை வகுப்போர் யார், அதன்படி வாழ்வோரைக் கேட்டார்களா என்பதே வினா.

தனித்தனிக் குரல்களைக் கொண்டு பத்தாண்டு நடந்த இலக்கிய வட்டம் இவ்வினாவை எளிதில் உணரும். யாப்பு பொதுவாகலாம், பாடுவோர் வாயெல்லாம் ஒன்றாக வேண்டியதில்லை. கருத்து மாறுபட்டவர் தனியே பாடவும், அவர் பாட்டிலிருந்து பிறர் கற்கவும் வழி திறந்திருக்கும்வரை அவை தளராது.