வர முடியாதவரிடம் வந்த பெருமாள்



மோகனூரில் கல்யாண பிரசன்ன வெங்கட்ரமணப் பெருமாள் கோயில் இருக்கிறது. அது உண்டான கதையைப் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு வருஷம் தவறாமல் போய்வந்த பக்தர் ஒருவர் வாத நோயில் விழுந்தார். திருப்பதிக்குப் போக முடியவில்லை. இனி இருந்து என்ன என்று காவிரியில் இறங்கிவிட்டார். கரையோரப் புற்றிலிருந்து ஒரு பாம்பு வந்து மறித்தது. பிறகு கனவில் பெருமாள் தோன்றி, அந்தப் புற்றுக்குள்தான் இருப்பதாகச் சொன்னார்.

தீராத நோயோடு இருப்பவர்கள் சாமியை நம்பிப் பொறுத்திருப்பதைப் பற்றிப் பேச வந்த எனக்கு, இதைவிட நேர்மையான கதை தெரியவில்லை. பக்தர் மனம் உடைந்ததை அது மறைக்கவில்லை. பக்தி போதவில்லை என்று அவரை வையவும் இல்லை. அவரால் போக முடியவில்லை, சாமி வந்தது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மோகனூர் இருக்கும் அதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டை, அன்றைய கொடிமாடச்செங்குன்றூரை, எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் திருஞானசம்பந்தரோடு வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம் என்கிறது பெரியபுராணம். காய்ச்சல் கண்டது அடியார்களுக்கு. ஆனாலும் 'அது உங்கள் வினை' என்று ஒதுங்காமல், தம்மையும் அவர்களோடு சேர்த்தே பாடினார் சம்பந்தர். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக நோயாளிகள் அந்தப் பதிகத்தை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் முடக்குவாதத்தோடு பல வருஷமாக வாழும் ஓர் அம்மா இருக்கிறார். காலையில் விரல்கள் மடங்கியபடி நிற்கும், விரிக்க வராது. வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பதிகத்தைச் சொல்லத் தொடங்குவார். முடித்து, திரும்பவும் முதலிலிருந்து. விரல் கொஞ்சம் இளகியதும் நந்தியாவட்டைப் பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைப்பார். வாரம் ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை, காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டிருக்கும். விரதம் வந்தாலும் அது தவறாது. "மாத்திரையும் சாமி குடுத்ததுதானுங்க" என்பார். குணமானால் மொட்டை போடுகிறேன் என்று அவர் நேர்ந்துகொண்டதே இல்லை.

நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அது பொருந்தும். ஒரு நாள் வரும், கடனைத் தீர்த்துவிடலாம். வருஷக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்க்கு அது சுமையாகிவிடுகிறது. குணம் காணாத ஒவ்வொரு மாதமும், சாமி நம்மைக் கைவிட்டதாகத் தோன்ற வைக்கிறது. அந்த அம்மாவின் நம்பிக்கைக்குத் தவணை இல்லை. நாளைக் காலை விரல் விரியாவிட்டாலும் அது நிற்கும். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

பொறுமை என்றால் வாய் மூடிக் கிடப்பதா என்றால், அதுவும் இல்லை. இஸ்லாமியர் பொறுமைக்கு இலக்கணமாகச் சொல்லும் ஐயூப் நபியைக் கிறிஸ்தவர்கள் யோபு என்பார்கள். விவிலியத்து யோபு, உடம்பெல்லாம் புண்ணாகி, தான் பிறந்த நாளையே சபித்தவர். கடவுளிடமே வழக்காடினார், ஆனால் அவரை விட்டு விலகவில்லை. பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. இன்றும் நம் வீடுகளில் நோயாளியைச் சோர வைப்பது, பல நேரம் இந்தப் பேச்சுத்தான்.

காரணம் சொல்வதைவிட, வர முடியாதவரைத் தேடிப் போவது நல்லது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. படுத்தபடி இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் ஆள் வருகிறார்கள். கோயிலுக்குப் போகும் நாமும் இப்படி வீடு தேடிப் போகலாம். புரட்டாசிச் சனிக்கிழமை மோகனூரில் பெருமாளைச் சேவித்துத் திரும்பும்போது, நடக்க முடியாமல் இருப்பவர் வீட்டுக்குக் கொஞ்சம் துளசியும் தீர்த்தமும் கொண்டுபோங்கள். ஐந்து நிமிஷம் உட்காருங்கள். எப்போது குணமாகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.