அருவிக்கு ஒரு சின்னம்

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே கவலைதான். மெயினருவியில் இன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா? ஐந்தருவியில் தண்ணீர் எப்படி? இதைச் சொல்ல ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். செய்ய ஆளா இல்லை? தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனமே இயங்குகிறது.

செயலியில் அருவிக்கு ஒரு சின்னம் வேண்டும். அதைப் பிஎன்ஜி படமாகக் கொடுத்தால், ஆண்ட்ராய்டு திரைகளின் நெருக்கத்துக்குத் தக்கபடி 24, 36, 48, 72, 96 பிக்சல் என ஐந்து அளவில் வெட்ட வேண்டும். ஐபோனுக்குத் தனியாக இரண்டு. நாற்பது சின்னம் என்றால் 280 கோப்பு! நிறத்தை மாற்றச் சொன்னால் அத்தனையும் மறுபடி.

வெக்டர் படத்தில் இந்தத் தொல்லை இல்லை. இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்கிற கட்டளைதான் அதில் இருக்கும். வாசலில் போடுகிற புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முறை தெரிந்தால் கையகலத்திலும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குக் கணினி இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டது 1974இல். எஸ்விஜி என்கிற வெக்டர் கோப்பு இணையத்தின் பொதுத்தரமானது 2001இல்தான்.

ஆனால் எஸ்விஜியை அப்படியே போனுக்குள் போட்டுவிட முடியாது. ஆண்ட்ராய்டுக்கு 5.0 பதிப்பிலிருந்து சொந்தமாக வேறொரு வெக்டர் வடிவம் உண்டு. செயலி கட்ட உதவும் ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் எஸ்விஜியைக் காட்டத் துணைத்தொகுப்பு கேட்கும். அதோடு, கட்டளையைப் படித்து வரைகிற வேலை போனின் தலையில் விழும். அதனால் செயலியைக் கட்டும்போதே எஸ்விஜியை ஏற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. செயலி கட்டும் இன்னொரு கருவியான டாட்நெட் மாவியிடம் ஓர் எஸ்விஜி கொடுத்தால், எல்லா அளவுப் பிஎன்ஜியையும் அதுவே வெட்டிக்கொள்ளும். ஃப்ளட்டரிலும் முன்கூட்டியே சுருக்கிவைக்க வழி இருக்கிறது.

எஸ்விஜி கோப்பைத் திறந்தும் பாருங்கள். வரைந்த மென்பொருள் விட்டுச்சென்ற குப்பை பாதி இருக்கும். 12.0034871 என்றெல்லாம் எண் கிடக்கும்; 24 அகலச் சின்னத்துக்குத் தசமம் இரண்டு இலக்கம் போதும். எஸ்விஜிஓ என்ற இலவசக் கருவி இதைத் துடைத்துவிடும்.

இன்னொன்று: அருவியின் புகைப்படத்தை வெக்டராக மாற்றித் தருகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். விடாதீர்கள். சாரல் ஒவ்வொன்றும் ஒரு கோடாகி, கோப்பு மூலப்படத்தைவிடப் பெருத்துவிடும். குற்றாலத்துச் சித்திரசபை ஓவியங்களும் அப்படித்தான், புகைப்படமாகவே இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்காரர்களே, வெக்டர் படத்தை 200க்கு 200 அளவைத் தாண்ட விடாதீர்கள், வரைய நேரமாகும்.

நிறத்துக்குத் தனிப் படம் தேவையில்லை. குளிக்க அனுமதி என்றால் பச்சை, தடை என்றால் சிவப்பு. ஒரே சின்னம், நிறத்தைச் செயலி பூசிக்கொள்ளும். ஆனால் சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் அருவிக்கு வருவார்கள். அதனால் தடை நாளில் சின்னத்தின் குறுக்கே ஒரு கோடும் இழுத்துவிடுங்கள். கோப்பில் ஒரு வரிதான் கூடும்.