விஷமும் மருந்தும் பிணையும் விதம்



முருங்கனில் படித்த எங்களுக்குக் கட்டுக்கரைக் குளத்து வயல்களும் தெரியும்; வரம்பில் கிடக்கும் புடையனும் தெரியும். அரிவு வெட்டுக் காலத்தில் பாம்புக்கடி இன்றும் எம்மவரின் உயிர்ப் பிரச்சினைதான். அதற்கு வைத்தியர்களாகிய நாங்கள் ஏற்றும் விஷமுறிவு மருந்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள்.

கண்ணாடிப் புடையனின் விஷத்திலுள்ள நொதியங்கள் இரத்தத்தின் உறைதற் காரணிகளைத் தூண்டித் தீர்த்துவிடுகின்றன; பின்னர் இரத்தம் உறையாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து இதைக் கண்டுகொள்கிறோம். உறையாவிட்டால் மருந்து ஏற்றுகிறோம். விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிய குதிரைகளின் பிறபொருளெதிரிகளே அம்மருந்து. அவை நொதியங்களைப் பற்றிப் பிடிக்கின்றன.

இலங்கையில் நாம் நெடுங்காலமாகப் பாவிப்பது இந்தியாவில் தயாராகும் மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை வழங்கி வந்தது, தமிழ்நாட்டில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கிடம் வேறுபடும். அப்படியானால் அந்த மருந்து எமது பாம்பின் நொதியத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும்?

இதை அளக்க உதவுவது ஒளியியல் உயிர் உணரி. சுமார் 50 நனோமீற்றர் தடிப்பான பொற்படலத்தில் நொதியத்தைப் பதிக்கிறார்கள். கீழிருந்து அரியத்தின் வழியே ஒளியைச் செலுத்தினால், நாம் படித்த முழு உட்தெறிப்பு நிகழும். ஆனால் ஒரு குறித்த கோணத்தில் மட்டும் தெறித்த ஒளி மங்கும். மேலே பாயும் பிறபொருளெதிரி நொதியத்தில் ஒட்டியதும் முறிவுச்சுட்டி மாறி, அக்கோணமும் நகரும். ஒட்டும் வேகத்தையும், பின்னர் வெறும் கரைசல் பாயும்போது கழலும் வேகத்தையும் நொடிக்கு நொடி பார்க்கலாம். இரண்டின் விகிதமே பிடியின் வலிமை. சாயமோ கதிரியக்கமோ தேவையில்லை. 1983இல் சுவீடன் ஆய்வாளர் காட்டிய இவ்வழி, 1990இல் கருவியாகச் சந்தைக்கு வந்தது.

ஆனால் பிடிப்பது வேறு, செயலிழக்கச் செய்வது வேறு. நொதியத்தின் வேலை செய்யும் பகுதியை விட்டு வேறிடத்தில் ஒட்டினால் பயன் குறையும். ஆகவே உறைதற் சோதனையும் கூடவே வேண்டும். சிங்களத்தில் குனகட்டுவா எனப்படும் பாம்பின் விஷம் அம்மருந்தின் தயாரிப்பில் சேர்வதே இல்லை.

இன்னொன்று: மருந்து விஷத்தைப் பிடிக்குமே தவிர, தீர்ந்த உறைதற் காரணிகளைத் திருப்பித் தராது. அவற்றை ஈரல் ஆக்க மணித்தியாலங்கள் செல்லும். எனவே கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

தங்கைமாரே, ஒளிப் பாடமும் உயிரியலும் சந்திக்கும் இந்த இடத்தில் எமது பாம்புகளுக்கான வேலை இன்னும் நிறையவே இருக்கிறது. உங்களில் சிலராவது வாருங்கள்.