குடியை விட நினைக்கிறவருக்கு ஒரு சரியான விலாசம்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு உடுப்புத் துவைக்கிற வேலை இருக்கும், விறகு பொறுக்கிற வேலை இருக்கும். அதையெல்லாம் ஒத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறீங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வாறேன்.

குடி கெட்டது என்று நான் பிரசங்கம் பண்ண வரவில்லை. சம்பள நாள் ராத்திரி லயத்தில் என்ன நடக்குது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். போயா தினத்தில் சாராயக் கடை பூட்டு. ஆனால் முதல் நாளே போத்தல் வீட்டுக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் கசிப்பு இருக்கவே இருக்கு. இன்றைக்கு நான் பேச வந்தது, குடிக்கிற ஒருத்தர் “போதும், இனி விடணும்” என்று நினைக்கிற நாளைப் பற்றி. அந்த நாளில் அவர் எங்கே போகணும், எத்தனை மணிக்குப் போகணும், அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? இவ்வளவுதான் என் பேச்சு.

என் வீட்டுக் கதையையே சொல்றேன். எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. எங்க அப்பா கவ்வாத்து வெட்டுறதில் பேர் போனவர். குடியிலும் அப்படித்தான். ஒருநாள் அவராகவே அம்மாவிடம் வந்து, “எங்கேயாவது கூட்டிட்டுப் போ, என்னால தனியா முடியலை” என்று சொன்னார். தோட்டத்துக்கு வந்து போற ஒருத்தர், குடியை விட்டவர்கள் கூடுகிற இடம் டவுனில் இருக்கு என்று ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்தார். மூணு பேருமாக ரெண்டு பஸ் மாறிப் போனோம். அப்பா காலையிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. கை நடுங்குது என்று சட்டைப் பைக்குள் விட்டுக்கிட்டே வந்தார். போய்ப் பார்த்தால் கதவு பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், “அந்தக் கூட்டம் போன வருஷமே வேற இடத்துக்கு மாறிட்டுது, எங்கேன்னு தெரியாது” என்றார். அப்பா அந்தத் துண்டை மறுபடியும் எடுத்து வாசிச்சுப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் எங்களை ஏற்றிவிட்டு, “நீங்க போங்க, நான் பிறகு வாறேன்” என்றார். எந்த நிலையில் வந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாங்க. “பூட்டின கதவைப் பார்க்கவா மறுபடி போகச் சொல்றே?” என்பார். ஆறு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

விலாசம் எழுதித் தந்தவர் மேல் பிழை இல்லை. அவர் அறிந்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். பிறகு இடம் மாறியது. அந்தச் செய்தி எங்க மலைக்கு ஏறி வரவில்லை.

இனி அந்தக் கூட்டம் என்னவென்று சொல்றேன். இது யூனியன் கூட்டம் இல்லை, பூசையும் இல்லை. அல்ககோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். “பெயர் சொல்லாத குடி நோயாளிகள்” என்று அர்த்தம். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் பட்டதைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். கட்டணம் இல்லை. குடியை விடும் ஆசை ஒன்றுதான் அங்கே தகுதி. தூள், ஐஸ் என்று போதையில் விழுந்தவர்களுக்கு நார்கோட்டிக்ஸ் அனோனிமஸ், என்.ஏ. இருக்கு. அது 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. குடிக்கிறவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கு அல்-அனோன் என்று 1951இல் தனியாகவே ஓர் அமைப்பு உண்டாச்சு.

ஏ.ஏ. பிறந்த கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 1935 மே மாதம், அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல். பில் வில்சன் என்பவர் வியாபாரம் தோற்று, கையில் காசில்லாமல் நிற்கிறார். குடியை விட்டு அஞ்சு மாசம்தான். ஒரு பக்கம் மதுச்சாலைச் சத்தம். மறுபக்கம் டெலிபோன், அதன் பக்கத்தில் அந்த ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தான் தப்பலாம் என்று அவருக்குத் தோணுது. பட்டியலைப் பார்த்து ஒரு போதகரைக் கூப்பிட்டார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்த வருஷம் ஜூன் 10ஆம் திகதியோடு அவர் குடியை நிறுத்தினார். அதைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சுவரில் பட்டியல் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

இன்றைக்கு அந்தப் பட்டியல் கைத்தொலைபேசிக்குள் வந்திருக்கு. ஏ.ஏ.க்கு மட்டும் உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் குழுக்கள் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம். மண்டபம் மாறும், நேரம் மாறும், சில குழு நின்று போகும். இதைத் தாளில் அச்சடித்தால் மை காயுமுன்னே பழசாகிவிடும். அதனால், போதையிலிருந்து மீண்டவர்களும் அவர்களுக்கு உதவ நினைத்தவர்களுமாகக் கணினி தெரிந்த சிலர் சேர்ந்து மென்பொருள் எழுதினார்கள். என்.ஏ. குழுக்களுக்கு 2009 அளவில் வந்தது பேசிக் மீட்டிங் லிஸ்ட் டூல்பாக்ஸ். ஏ.ஏ. பக்கத்தில் 12 ஸ்டெப் மீட்டிங் லிஸ்ட் என்று ஒன்று. அது கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்துக் குழுக்களுக்காகத் தொடங்கியது. இன்று கோட் ஃபார் ரிக்கவரி என்ற தொண்டர் அமைப்பு அதைப் பராமரிக்குது. இதற்கெல்லாம் விலை கிடையாது. எழுதிய நிரலையும் மறைக்காமல் திறந்தே வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். நம்ம பாஷையில் சொன்னால் கணினியில் செய்த சிரமதானம்.

அது வேலை செய்கிற விதம் சுலபம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரி. அதில் கிழமை, நேரம், இடம், மொழி, எல்லோரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்ற விபரம் இருக்கும். ஊர்க் குழுவின் தொண்டர் ஒருவர் தன் பட்டியலைத் திருத்துவார். போனில் இருக்கிற செயலி அந்தந்த ஊர்ப் பட்டியல்களை இழுத்து ஒன்றாக்கும். நீங்க எங்கே நிற்கிறீங்க என்று பார்த்து, கிட்ட இருக்கிற கூட்டத்தை முதலில் காட்டும். ஏ.ஏ.யின் செயலிக்கு மீட்டிங் கைட் என்று பெயர். நாற்காலிப் படம் போட்டிருக்கும். அதை 2018 முதல் ஏ.ஏ.யின் நியூயோர்க் அலுவலகமே நடத்துது.

2020இல் கொரோனா வந்தபோது இதன் அருமை தெரிஞ்சுது. குறுகிய காலத்தில் உலகின் பல இடங்களில் மண்டபங்கள் பூட்டுப்பட்டன. குழுக்கள் ஸூமுக்கும் டெலிபோனுக்கும் மாறின. மென்பொருளில் உடனே அதற்கு ஓர் இடம் போட்டார்கள். பழைய விலாசத்துக்குப் போய் நிற்க வேண்டியவர்கள், வீட்டிலிருந்தே குரல் கேட்டார்கள். தூர மலையில் இருக்கிற நமக்கு இது பெரிய வசதி. பஸ் இல்லாத ராத்திரியிலும் போன் வழியாகக் கூட்டம் கிடைக்கும்.

“எங்ககிட்ட பட்டன் போன்தானே இருக்கு” என்று பின்னால் ஓர் அக்கா சொல்றாங்க. நல்ல கேள்வி. என்.ஏ.க்காரர்கள் அதற்கும் யாப் என்று ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அதை வைத்திருக்கிற ஊர்களில், ஓர் இலக்கத்துக்கு அடித்து இடத்தைச் சொன்னால் கிட்ட உள்ள கூட்டத்தை வாயாலேயே சொல்லும். இல்லாவிட்டால் ஒரு தொண்டரிடம் இணைத்துவிடும். நம்ம லயத்தில் அந்த வேலையை ஒரு மனுசன் செய்யலாம். அதற்குப் பிறகு வாறேன்.

இன்னொரு பயம், பெயர் கெட்டுப் போகுமே என்பது. லயக் காம்பராவில் ஒரு வீட்டில் இருமினால் அஞ்சு வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் கூட்டம் தேட உங்க பெயரைக் கொடுக்கத் தேவையில்லை. பட்டியலில் இருப்பது இடமும் நேரமும். ஆட்களின் பெயர் அதில் இல்லை. பொதுப் போனில் தேடினால், தேடின பிறகு அதை மூடி வைங்க.

மொழி விஷயத்தையும் சொல்லணும். நம்ம நாட்டில் டவுன் கூட்டம் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ நடக்கலாம். சபரகமுவ ஆட்களுக்கு சிங்களம் நல்லா ஓடும், அதனால் தயங்க வேண்டாம். தமிழில்தான் மனசு திறக்கும் என்றால், சென்னையில் தமிழ்க் கூட்டங்கள் இருக்கு. போன் வழியாக நடக்கிறதில் மொழியைப் பார்த்துத் தேடலாம். மீட்டிங் கைட் செயலி இங்கிலீஷ், ஸ்பானிஷ், பிரெஞ்சு மொழிகளில்தான் இருக்கு. ஆனால் திறந்து வைத்திருக்கிற அந்த அட்டவணை மென்பொருளில் தமிழைச் சேர்க்க யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. பெலிஹுல்ஓயாவில் சபரகமுவ பல்கலைக்கழகம் இருக்கு. நம்ம தோட்டத்துப் பிள்ளைகளும் கணினி படிக்கிறாங்க. ஒரு பிள்ளை நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்போ முக்கியமான எச்சரிக்கை. நீண்ட நாள் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவம் தெரியும். அது உயிருக்கே ஆபத்து. அப்படியானவரைக் கூட்டத்துக்கு முன்னே தோட்டத்து டாக்டரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்க. மருந்தும் வேணும், கூட்டமும் வேணும். சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். வைத்தியத்தோடு குடும்பத்தையும் சேர்த்துத் தேற்றுவது அங்கே வழக்கம். அந்தச் சேவைக்காக 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம்ம நாட்டில், மனசு உடைஞ்சு தவிக்கிறவர்கள் 1926க்குக் கூப்பிடலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்கு 1927.

இனி நாம் செய்யக்கூடியது மூன்று.

முதலாவது, ஒவ்வொரு டிவிஷனிலும் ஸ்மார்ட் போன் வைத்திருக்கிற, வாயை மூடி வைக்கத் தெரிந்த ஒருத்தரைத் தெரிவு செய்வோம். யாராவது கேட்டால் தேடிக் கொடுப்பது அவர் பொறுப்பு. கேட்டது யார் என்று வெளியே போகக் கூடாது.

இரண்டாவது, பட்டியலில் பார்த்தவுடன் கிளம்ப வேண்டாம். அதில் போட்டிருக்கிற இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்து, இந்தக் கிழமை கூட்டம் இருக்கா என்று கேளுங்க. மென்பொருள் எவ்வளவு நல்லதானாலும், தொண்டர் திருத்தாவிட்டால் அதுவும் எங்க அப்பாவின் துண்டு மாதிரித்தான். பீலித் தண்ணி எல்லோருக்கும் பொது, ஆனால் சருகு அடைச்சால் யாரோ ஒருத்தர் கை விட்டு எடுக்கணும். போய்ப் பார்த்து இடம் பூட்டியிருந்தால், பட்டியல் வைத்திருக்கிறவருக்கு அறிவியுங்க. உங்களுக்குப் பிறகு வாறவருக்கு அது உதவி.

மூன்றாவது, கிட்ட எங்கேயும் கூட்டம் இல்லையென்றால், போன் கூட்டத்தில் பழகின ரெண்டு பேர் சேர்ந்தால் இங்கேயே ஒன்று தொடங்கலாம். ஒரு பாயும் ஒரு தேநீர்க் கேத்தலும் போதும். அக்ரனில் தொடங்கினதும் ரெண்டு பேர்தான். பிறகு அந்தக் கூட்டத்தையும் பட்டியலில் சேருங்க. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒருத்தர் தேடும்போது நம்ம தோட்டத்துப் பெயர் அவருக்குத் தெரியும்.

முன் வரிசையில் ஓர் அம்மா கேட்டாங்க, “அவர் வரவே மாட்டேங்கிறாரே, நான் என்ன செய்ய?” என்று. அம்மா, நீங்க முதல்ல போங்க. அல்-அனோன் உங்களுக்காகத்தான். அவர் மாறுறவரைக்கும் நீங்க காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் ஒருநாள் காலையில் “கூட்டிட்டுப் போ” என்று சொன்னால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீங்க. அன்றைக்குப் பேர் போனாலும் பரவாயில்லை.

எங்க அம்மா அந்தத் துண்டைக் கடைசிவரை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாங்க. அதில் விலாசம் மட்டும்தான் பிழை. அப்பா போக நினைச்சது சரி. உங்க வீட்டில் யாராவது போக நினைச்சால், போற இடம் திறந்திருக்கா என்று நாம பார்த்துக் கொடுப்போம்.