காட்டு வழியில் ஒரு முப்போட்டி

நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது செய்து முடிக்கும் பந்தயத்தை நாம் முப்போட்டி என்கிறோம். இதனைத் தார்ச்சாலையினின்று காட்டுப் பாதைக்குக் கொண்டு சென்ற எக்ஸ்டெர்ரா பந்தயம், 1996-இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மாவியில் தோன்றியது. ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டர் மலைப்பாதை மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது இதன் அளவு.

சாலையில் இறக்கம் வந்தால் கால்கள் இளைப்பாறும். இங்கோ வேரும் பாறையும் சேறும் குறுக்கிடுதலால், இறக்கத்திலும் கைகளுக்கும் கருத்துக்கும் ஓய்வில்லை. இத்தகைய பந்தயங்கள் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வரும்போது, எதில் கலந்துகொள்வது என்பதைக் காட்டிலும் எதனை விட்டுவிடுவது என்பதே பெரிய கேள்வியாகிறது. ஏனெனில், உழைப்பு உடலைத் தேய்க்கிறது. பின்வரும் ஓய்விலேதான் அது வலுப்பெறுகிறது.

பெர்முடா என்னும் சிறு தீவுப் பகுதியின் புளோரா டஃபியை எண்ணிப் பார்ப்போம். 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்டெர்ரா உலகப் பட்டம் வென்ற இவ்வம்மையார், 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் சாலை முப்போட்டியின் உலகப் பட்டத்தையும் பெற்றார். 2018-இல் காலில் நேர்ந்த காயம் அவரை நெடுநாள் நிறுத்தி வைத்தது. அவர் காத்திருந்தார். 2021-இல் டோக்கியோவில் தம் தாயகத்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டித் தந்தார்.

ஓடத் தெரிந்தவர் பலர். நிற்கத் தெரிந்தவர் சிலரே. அச்சிலரையே நெடும்பாதை இறுதிவரை அழைத்துச் செல்கிறது.